பிரிண்டருக்குள் இருந்த மாப்பிள்ளை

எந்த மனிதரையும் ஒரே தடவையில் முழுதாகப் பார்த்துவிடக் கூடாது என்று நம்பிய ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் கற்பிட்டித் தெருவின் கலர் நானாதான். அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தண்ணீர் பில் கொண்டுவருகிறவருக்கு மட்டும் அது தெரியும்.

கருவாட்டு வியாபாரத்தில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு, அவர் வீட்டு முன்னறையில் போட்டோ எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு நீலத் திரை, ஒரு கதிரை, ஒரு கெமரா, மைத்துனர் கட்டாரிலிருந்து அனுப்பிய ஒரு போட்டோ பிரிண்டர். பிரிண்டர் ஒரு இறாத்தல் பாண் ரொட்டியைவிடக் கொஞ்சம் சிறியது. தெருவில் அதைப்போல மரியாதையோடு வைக்கப்பட்டிருந்த பொருள் வேறு கிடையாது.

அது மை தெளிக்கிற வகை அல்ல. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்றில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று சாயங்கள் வரிசையாக இருக்கும். தாள் முதலில் உள்ளே போய் மஞ்சளை வாங்கிக்கொண்டு வரும். திரும்பப் போய்ச் சிவப்பு. திரும்பப் போய் நீலம். ஒவ்வொரு முறையும் தாளின் ஒரு பகுதி மெஷினுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே நானா மெஷினின் முதுகை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நேர்முக வர்ணனையும் உண்டு.

மஞ்சள் முடிந்ததும், "இப்ப ஆள் காய்ச்சல்ல ஈக்கிறார்."

சிவப்பு முடிந்ததும், "இப்ப வெயில்ல நடந்து வாறார்."

நீலம் முடிந்ததும் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இப்பதான் ஆள் ஊட்டுக்கு வந்தீக்கிறார். எடுங்க."

வீட்டுக்கு வந்து சேரும்வரை யாரும் தாளைத் தொடக் கூடாது. ஒரு முறை பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் அவசரத்தில் மஞ்சளோடு தாளைப் பிடித்து இழுத்துவிட்டார். கலர் நானா தலையில் கைவைத்தார்.

"பாதியில எடுத்தா ஆள் பாதியிலயே நிண்டுருவார் சேர்!"

"சும்மா இரும் நானா, இது விஞ்ஞானம்," என்றார் மாஸ்டர்.

மறுகிழமை மாஸ்டருக்கு மஞ்சள் காமாலை. அது கிணற்றுத் தண்ணீரால் வந்தது. அதே கிணற்றில் குடித்த இன்னும் பலருக்கும் வந்தது. ஆனால் எங்கள் தெருவில் கிணற்றைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

நான் அப்போது புத்தளத்தில் கணினித் திருத்தப் படிப்பை முடித்துவிட்டு, கற்பிட்டி டவுனில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எதற்கும் ஒரு பட்டியல் போட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். நானா என்னை "இஞ்சினியர் புள்ள" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

நிக்சன் போட்டோ எடுக்க வந்தது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று உரக்கத் தொடங்கிய நாட்களில். அவன் பின்தெருவில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. சிலாபத்தில் பெண் பேசியிருந்தார்கள். போனில் அனுப்பிய படம் பெண்ணின் அப்பாவுக்குப் போதவில்லை.

"போன்ல எல்லாரும் வெள்ளையாம் நானா. தாள்ல அடிச்சுக் குடுக்கட்டாம்," என்று சொல்லிச் சிரித்தான் நிக்சன்.

"அது சரியான மனிசன்," என்றார் நானா.

படம் எடுத்தாயிற்று. மஞ்சள் வந்தது. சிவப்பு வந்தது. நீலத்துக்காகப் பின்னால் போன தாள் அப்படியே நின்றது. மெஷினில் ஒரு விளக்கு சிமிட்டியது. தாளின் ஓரமாக நிக்சனின் தலைமுடியும் நெற்றியும் மட்டும் வெளியே தெரிந்தன. புருவத்துக்குச் சற்று மேலே, உருளை கடித்துப் பிடித்த இடத்தில், ஒரு கோடு. நானா மெஷினின் இடுப்பில் தட்டினார். வழக்கமாக அதற்கு அசையும். அன்று அசையவில்லை. வெளியே திரீவீல் ஓட்டோ ஹோர்ன் அடித்தது. நிக்சனின் தாய்மாமன் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"நீலத்தைப் போட்டு வைங்க நானா. வந்து எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு நிக்சன் ஓடினான்.

அன்று பின்னேரம் நான் போய்ப் பார்த்தேன். தாளை இழுக்கும் உருளையின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. அழுத்திப் பிடிக்கும் சுருளும் தளர்ந்திருந்தது. பட்டியலை வாய்விட்டு வாசித்தேன். பழுதுபார்ப்பதானால், தாளை வெளியே எடுக்கவேண்டும், உருளை மாற்றவேண்டும், இந்த மாதிரிக்கு இப்போது உதிரிப்பாகம் வருவதில்லை. புதிது வாங்குவதானால், தாளை வெளியே எடுக்கவேண்டும், நாடாவும் தாளும் கடையில் தாராளமாகக் கிடைக்கும், படத்தைப் போனிலிருந்தே அனுப்பலாம். முடிவு, புதிது.

நானா கவனமாகக் கேட்டார். பிறகு, "இதுல நிக்சன் எங்க?" என்றார்.

"நிக்சன் கடல்ல, நானா."

"அதத்தான் நானும் செல்றன். ரெண்டு பக்கத்துலயும் முதல் வேல தாள வெளிய எடுக்கிறது. சிவப்புல ஈக்கிற புள்ளய எப்புடிம்மா எடுக்கிற?"

"படம் கெமராவுல ஈக்கிது. இன்னொண்டு அடிக்கலாம்."

"அது வேற ஆள்," என்றார் நானா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திருத்துவதுமில்லை, மாற்றுவதுமில்லை, நிக்சன் வரட்டும்.

நிக்சன் வரவில்லை. அவனோடு போன மற்றப் படகுகள் எல்லாம் காற்றுக்குப் பயந்து கரைக்குத் திரும்பிவிட்டன. மாமனும் மருமகனும் போன படகை மட்டும் காணவில்லை. எஞ்சின் நின்றிருக்கும் என்றார்கள். நேவிக்குச் சொன்னார்கள். படகுகள் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தன.

நிக்சனின் அம்மா பிலோமினா அன்டி பின்தெருவிலிருந்து நடந்து வந்து, கலர் நானாவின் வாசலில் நின்று மெஷினைப் பார்த்தார்.

"எடுத்திட்டீங்களா?"

"இல்ல பிலோமினா. அப்புடியே ஈக்கிறான்."

"எடுக்காதீங்க. நீலம் வரட்டும்." மேசைக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கதிரை அவருடையதாயிற்று.

இந்த இடத்தில் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தாள் நகர்ந்தது உண்மை. சுருள் தளர்ந்த உருளையால் தாளை இறுக்கிப் பிடிக்க முடியாது. கடல் ஈரத்தில் போட்டோத் தாள் மெல்ல வளையும், வளையும்போது தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்ளும். இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

ஆனால் முதலில் நெற்றி மட்டும் தெரிந்த இடத்தில் பிறகு புருவம் தெரிந்தது. பிறகு, ஒரு நண்பகலில், கண்கள். தட்டையாகப் படுத்துக்கிடந்த தாள் வளைந்து எழும்பியதால், நிக்சன் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. நீலம் சேராத கண்கள். கருவிழி இரத்தக்கட்டி நிறத்தில், வெள்ளைவிழி மஞ்சளாய். வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் பார்ப்பது அவன்தான். காற்று அடிக்கும்போது தாள் இலேசாக ஆடும். அவன் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவான். பூனைகூட அந்த அறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது.

நானாவின் மனைவி ஜெஸீமா ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. தன் சொந்த வீட்டு முன்னறையில் அவர் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்.

"என்ன ராத்தா, ஊட்டுக்குள்ளயும் முக்காடு?" என்று கேட்டேன்.

"அந்நிய ஆம்புள ஒருத்தன் பாத்துக்கிட்டே ஈக்கிறான் புள்ள! வெறுந்தலயோட ஒரு கோப்ப தண்ணி குடிக்க ஏலாம ஈக்கி. நீ கெட்டிக்காரி தானே, சும்மா தட்டுப்படுற மாதிரி அந்த வயர இழுத்துடு."

"பொத்தி வைக்கலாமே, ராத்தா?"

"பொத்தினா அந்த மனிசன் எடுத்துப் போடுறார். புள்ளைக்கு மூச்சு முட்டுமாம்!"

முழுக்க உண்மை. ஐந்து நேரத் தொழுகைக்கு மட்டும் நானா தாளின்மேல் தன் கைக்குட்டையைப் போடுவார். தொழுது முடித்ததும் அதை எடுத்துவிட்டு, "மன்னிச்சுக்க மகன்," என்பார். அந்த நாட்களில் போட்டோவுக்கு வந்த எல்லாரையும் அவர் திருப்பி அனுப்பினார். "உள்ள ஆள் ஈக்கி," என்பார், ஏதோ கழிவறைக்கு வெளியே நிற்கிறவர்போல.

நானும் என் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. தாள் எவ்வளவு வேகமாக நகருகிறது என்று அறிய அடிமட்டம் வைத்து அளந்தேன். அதைப் பார்த்துவிட்டு, தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் பிலோமினா அன்டி கேட்கத் தொடங்கினார்.

"இண்டைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறான், மகள்?"

"மூக்கு வரைக்கும் வந்துட்டான், அன்டி," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது.

மாதா கோவில் பெண்கள் சிலர், ஊர் வழக்கப்படி ஆத்துமாவுக்குச் செபம் செய்யலாமா என்று பிலோமினா அன்டியிடம் மெல்லக் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். "பாதிப் போட்டோவுக்கு ஆர் ஆத்துமா செபம் சொல்லுறது? அவன் வந்துகொண்டு இருக்கிறான்." வேண்டுமானால் பத்திரமாக வந்து சேரச் செபமாலை சொல்லலாம் என்றார். எங்கே? அவன் இருக்கிற இடத்தில். ஆகவே பின்னேரங்களில் கத்தோலிக்கப் பெண்கள் கலர் நானாவின் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு போட்டோ பிரிண்டரின் முதுகைப் பார்த்துச் செபமாலை சொன்னார்கள். ஜெஸீமா ராத்தா முக்காட்டைச் சரிசெய்தபடி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்போது அவர்கள் நிறுத்துவார்கள், நானா கைக்குட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போவார், அவர் திரும்பி வந்து கைக்குட்டையை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு தகவல் இருந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். சோதிக்கும்போது உள்ளே இருக்கும் தாளை வெளியே தள்ளிவிடும். கடைசியில் அதை நானாவிடம் சொன்னேன். அவர் முகம் மெஷினில் முதல் நிறம் வாங்கிய தாளைப்போல் ஆயிற்று. அன்றே எங்கள் கடையிலிருந்து ஒரு யூபிஎஸ் பெட்டி அந்த மேசைக்கடியில் குடியேறியது. அதற்குப் பிறகு கரண்ட் போன போதெல்லாம் அது கிரீச்சிட்டது, நிக்சன் தலையாட்டினான், நானா மேசைக்கடியில் குனிந்து, "தாங்கு, தாங்கு," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எத்தாளை ஊர்ப் பக்கம் தென்னைமரம் விழுந்து வயர் அறுந்தது. மணல் பறந்து வானமும் தெருவும் ஒரே நிறமாயின. கூரைத் தகரங்கள் பற்களைக் கடிப்பதுபோல் சத்தமிட்டன. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்த நானா என்னைக் கடையிலிருந்து அழைப்பித்தார். நான் போனபோது யூபிஎஸ் அலறிக்கொண்டிருந்தது.

"திரீவீல் பெட்டரி ஒண்டு வேணும். இன்வர்ட்டர் கடையிலேருந்து கொண்டு வந்துட்டன்," என்றேன். ஒரு திரீவீல்காரர் மறுபேச்சில்லாமல் பெட்டரியைக் கழற்றினார். புதிது வாங்குங்கள் என்று முடிவு எழுதியவள் நான்தான். மேசைக்கடியில் முழந்தாளிட்டு வயர் முறுக்கினேன். ஒரு முனையை முடித்துவிட்டு மறுமுனையை எடுத்தபோது கிரீச்சொலி நின்றது.

தலையை உயர்த்தினேன். மெஷினில் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு இல்லை. தாள் அப்போது நாடிவரை வந்திருந்தது. முழு முகம். கழுத்தைமட்டும் மெஷின் பிடித்திருந்தது. காற்றுக்கூட ஒரு கணம் நின்றதாக ஜெஸீமா ராத்தா இன்றைக்கும் சொல்லுவார். நான் மறுமுனையை மாட்டினேன்.

விளக்கு எரிந்தது. மெஷின் ஒரு முறை கனைத்தது. பிறகு தாளை உள்ளே இழுக்கத் தொடங்கியது.

நாடி போயிற்று. வாய் போயிற்று.

"உள்ள இழுக்குது! ஐயோ, பிள்ளைய உள்ள இழுக்குது!" என்று பிலோமினா அன்டி எழும்பினார்.

மூக்கு போயிற்று. அந்தச் சிவந்த கண்கள் கடைசியாக எங்களைப் பார்த்துவிட்டு, இமைக்காமல், இடுக்குக்குள் இறங்கின. நெற்றி, முடி. மெஷினின் பின்புறம் வெறும் இடுக்காகியது. அந்த அறையில் அத்தனை நாளாக எங்களோடு இருந்த ஒருவர் இப்போது இல்லை என்பதை நான் முதுகில் உணர்ந்தேன். நான் இப்படிப்பட்ட வசனம் எழுதுகிற ஆள் அல்ல.

மெஷினின் முன்பக்கத்தில் சிறு சத்தம். தாள் முழுதாக வெளியே வந்து தட்டில் விழுந்தது. மஞ்சளும் சிவப்பும் மட்டும். நெற்றியின் குறுக்கே, உருளை கடித்த இடத்தில், ஒரு வெள்ளைப் பட்டை.

யாரும் தொடவில்லை. எல்லாரும் கலர் நானாவைப் பார்த்தார்கள். அவர் கைகளைத் தேய்க்கவில்லை. ஆனால் வர்ணனை நிற்கவில்லை.

"பிலோமினா, நீயே எடு. முதல் தடவையும் நீதானே பெத்து எடுத்த."

பிலோமினா அன்டி எடுத்தார். முந்தானையால் துடைத்தார். முத்தமிட்டுவிட்டு உதட்டை நக்கிப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது," என்றார்.

கச்சான் காற்று எல்லா வீட்டுக்குள்ளும் உப்பைக் கொண்டுவரும். எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியை நக்கினாலும் உப்புத்தான் கரிக்கும். அன்று அதை நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் படகுத்துறை ஜெட்டியிலிருந்து அழைப்பு வந்தது. நீர்கொழும்புப் பக்கத்துப் பெரிய படகு ஒன்று, ஆழக்கடலில் மிதந்துகொண்டிருந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருகிறதாம்.

தெரு முழுவதும் ஜெட்டியில் நின்றது. மாமன் முதலில் இறங்கினார். பிறகு நிக்சன் இரண்டு பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வெயில் அவன் முகத்தைச் செங்கல்லாகச் சுட்டிருந்தது. வெள்ளைவிழி மஞ்சளாயிருந்தது. கருவிழியைச் சுற்றி இரத்தம். நெற்றியின் குறுக்கே மட்டும் வெளிறிய ஒரு பட்டை. அங்கேதான் உடுத்திருந்த சாரத்தை வெயிலுக்காகக் கிழித்துக் கட்டியிருந்தானாம்.

எனக்குப் பின்னால் யாரோ "யா அல்லாஹ்" என்றார்கள்.

அவன் அம்மாவின் கையிலிருந்த போட்டோவை வாங்கிப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு கூட்டத்தில் கலர் நானாவைத் தேடிப் பிடித்தான்.

"நானா, இத எப்ப எடுத்தீங்க?"

"நீ போக முந்தி, மகன்," என்றார் நானா. கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இப்பதான் ஊட்டுக்கு வந்தீக்கிற."

எஞ்சின் இல்லாத படகில் நிறைய நாள் வெயிலில் கிடக்கும் எவருக்கும் முகம் அப்படித்தான் ஆகும். தலையில் துணி கட்டினால் பட்டை விழும். நான் அதையெல்லாம் எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் போட்டோவை இன்னொரு முறை பார்க்க நான் கேட்கவில்லை.

சிலாபத்துக்கு அந்தச் சிவப்புப் படமே போனது. போனில் எல்லாரும் வெள்ளை என்று சொன்ன அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்றாம்.

ஜெஸீமா ராத்தா முக்காட்டைத் தோளில் இறக்கிப் போட்ட அன்று, நானா என்னை அழைத்து, "இஞ்சினியர் புள்ள, இப்ப உன்ட லிஸ்ட்டக் கொண்டா," என்றார். புதியதையே வாங்கினோம். ஒரே தடவையில் எல்லா நிறத்தையும் அடித்துத் தள்ளுகிற மெஷின்கள் கடையில் நிறைய இருந்தன. அவற்றை நான் அவருக்குக் காட்டவேயில்லை. மூன்று தரம் உள்ளே போய் வருகிற வகையாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது நான் புத்தளம் டவுனில் ஒரு கடையில் இருக்கிறேன். பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து, திருத்துவதா புதிது வாங்குவதா என்று கேட்பார்கள். என்னிடம் இன்னும் பட்டியல் இருக்கிறது. உருளை, நாடா, உதிரிப்பாகம் எல்லாம் அதில் வரிசையாக வரும். ஆனால் முதல் கேள்வி வேறு. மெஷினைத் திறக்குமுன் அதைக் கேட்டுவிடுவேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

"உள்ள யாராச்சும் ஈக்கிறாங்களா?"